பரண் கொட்டகைக் குட்டிகளுக்கு வெயிலும் பச்சையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விவசாயப் பக்கத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். பரண் மேல், அதாவது உயரமாகப் போட்ட பலகைத் தளத்தில், ஆடு வளர்ப்பது பற்றி எழுதும்போது கொட்டகையின் நீள அகலம், பலகை இடைவெளி, வங்கிக் கடன், தீவனச் செலவு எல்லாம் விவரமாக வருகிறது. அந்தக் கொட்டகைக்குள் பிறக்கும் குட்டிக்குச் சதையும் எலும்பும் எதிலிருந்து வருகின்றன என்று மட்டும் ஒரு வரி வருவதில்லை. அது தெரியாமல் போனதால் எங்கள் வீட்டில் ஒரே பருவத்தில் நான்கு செம்மறிக் குட்டிகளைப் பறிகொடுத்தோம். இன்னொருவர் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 56. வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செம்மறியோடுதான் வாழ்க்கை. மாமியார் காலத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். காலையில் ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் போய்ப் பார்த்தால் போதும். ஐப்பசி மழைக்குப் பின் புல் இருக்கும். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேல நெத்து உதிரும். குட்டிகள் பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளிலேயே தாயோடு வெயிலில் திரியும். மாமியார் சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் தினமும் ஒரு கை முருங்கை, அகத்தி ஒடித்துப் போடுவார். "வயித்துல இருக்கறதுக்கும் பச்சை வேணும் கண்ணு" என்பார். அந்தப் பட்டியில் குட்டிகள் சாகவில்லை என்று சொல்ல மாட்டேன். துள்ளுமாரி நோயில் போனது உண்டு, கழிச்சலில் போனது உண்டு. ஆனால் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி கால் விறைத்து விழுந்ததையோ, முன்னங்கால் வில்லாக வளைந்ததையோ நான் பார்த்ததில்லை.

அப்புறம் பாகம் பிரிந்தது. எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் வந்தது. என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 2019-ல் ஊருக்கு வந்தான். கடன் வாங்கி நாலடி உயரத்தில் பரண் போட்டான். மேலே சிமெண்ட் ஷீட், நாலு பக்கமும் பச்சை நிழல் வலை. நாய் வராது, ஈரம் இல்லை, புழுக்கை கீழே விழுந்துவிடும், குடற்புழுத் தொல்லையும் குறைவு. பரண் கெட்டது என்று நான் சொல்லவில்லை, எங்களுக்கு அது நிறைய உதவியிருக்கிறது. ஆனால் கொறங்காட்டில் தானாகக் கிடைத்த இரண்டு விஷயங்கள் பரணில் தானாகக் கிடைக்காது, நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

2023-ல் மாசிக் கடைசியில் குட்டிகள் பிறந்தன. மொத்தம் 17. பசுந்தீவனம் போட்டிருந்த பாத்தி தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட்டது. சினை ஆடுகளுக்குத் தை முதலே போன வருடத்துச் சோளத்தட்டு, மக்காச்சோள மாவு, தவிடு, இவ்வளவுதான். தாய்களுக்குப் பால் குறையில்லை. குட்டிகளும் நன்றாகத் தேறின. மூன்றாவது வாரம் எடை போடுவதற்காகக் குட்டிகளை விரட்டிப் பிடித்தோம். மறுநாள் காலையில், இருந்ததிலேயே பெரிய கிடாக்குட்டி முதுகைக் கூன்போட்டுக்கொண்டு பின்னங்கால் இரண்டையும் குச்சிபோல் விறைத்துக்கொண்டு நின்றது. காய்ச்சல் இல்லை. கண் பளிச்சென்று இருந்தது. பால் குடிக்க ஆசையோடு தாயைப் பார்க்கிறது, இரண்டடி வைத்ததும் விழுகிறது. நான் தூக்கிப் பிடித்து மடியில் வாய் வைத்தேன், சப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது. அதே வாரத்தில் இன்னும் மூன்று போயின. அதில் ஒன்று எந்த அறிகுறியும் காட்டவில்லை, ஓடிக்கொண்டிருந்தது அப்படியே சாய்ந்தது. நோஞ்சான் குட்டிகள் எல்லாம் நிற்க, கொழுத்த குட்டிகளாகப் பார்த்துச் சாகின்றனவே என்று என் மனசு ஆறவே இல்லை.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். துள்ளுமாரி என்றார் ஒருவர், கண் பட்டது என்றார் இன்னொருவர். மருந்துக் கடையில் கேட்டோம். கடைக்காரர் ஏ, டி3, ஈ வைட்டமின் கலந்த டானிக்கையும் ஒரு கால்சியம் டானிக்கையும் கொடுத்து, "எல்லாக் குட்டிக்கும் ஊத்துங்க, சதையும் எலும்பும் கல்லு மாதிரி ஆயிடும்" என்றார். அளவு கேட்டதற்குக் குத்துமதிப்பாக ஒரு மூடி என்றார். பாட்டிலில் ஆங்கிலத்தில் மாட்டுக்கும் கன்றுக்கும் அளவு போட்டிருந்தது. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றுமில்லை. நாங்களும் ஊற்றினோம்.

என் அண்ணன் மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் போனில் விவரத்தைக் கேட்டுவிட்டு, "அத்தை, அடுத்தது ஏதாவது செத்தால் புதைக்காதீங்க, உடனே கொண்டு வாங்க" என்றாள். நான்காவது குட்டியை மகன் பைக்கில் எடுத்துக்கொண்டு போனான். அங்கே பரிசோதனை மேஜையில் தொடையை அறுத்துக் காட்டினார்களாம். சிவப்பாக இருக்க வேண்டிய சதை வேகவைத்த கோழிக்கறி மாதிரி வெளுத்து, இடையிடையே சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் இருந்ததாம். இரண்டு தொடையிலும் அதே இடத்தில், அதே மாதிரி. இதயத்திலும் அப்படித் திட்டுகள். இதற்கு வெண்தசை நோய் என்று பெயர். வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாதுச்சத்து, இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ குறைவதால் வருவது.

அண்ணன் மகள் எனக்குச் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன். தசை வேலை செய்யும்போது ஆக்சிஜனிலிருந்து சில கெட்ட பொருள்கள் உண்டாகும். தசைச் செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் கொழுப்பு இருக்கிறது. அந்தப் பொருள்கள் அதை அரித்துவிடும். வைட்டமின் ஈ அந்த உறையிலேயே இருந்து தடுக்கிறது. செலினியம் சேர்ந்த ஒரு நொதி, அந்தக் கெட்ட பொருள்களைச் செயலிழக்க வைக்கிறது. இவை குறைந்தால் தசை செத்துப்போய், அந்த இடத்தில் கால்சியம் படிகிறது. நாங்கள் பார்த்த சுண்ணாம்புக் கோடு அதுதான். வேகமாக வளரும் குட்டிக்குத் தேவை அதிகம் என்பதால் கொழுத்ததே முதலில் விழும். விரட்டிப் பிடித்தது கடைசி அடி. நோயைத் தொடக்கியது அதுவல்ல, அன்றைக்கு வெளியே கொண்டுவந்தது மட்டும்தான். நாக்குத் தசையில் வந்தால் பால் சப்ப முடியாது, இதயத்தில் வந்தால் அறிகுறியே இல்லாமல் சாகும். ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல அந்த வாரம் முழுக்க என் கண் முன்னால் நடந்தது எனக்குப் புரிந்தது. அன்று ராத்திரி நான் அழுதேன்.

வைட்டமின் ஈ பச்சைப் புல்லிலும் தழையிலும் நிறைய இருக்கிறது. காயக் காய, வைக்க வைக்கக் குறைந்துகொண்டே போகும். ஒரு வருடம் போரில் கிடந்த சோளத்தட்டில் மிச்சம் அதிகம் இருக்காது. இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. செலினியம் நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகும், ஆனால் வைட்டமின் ஈ மிகக் கொஞ்சம்தான் போகும். அதனால் குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் ஈ அனேகமாக இல்லை. முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. தாய் இரண்டு மாதம் காய்ந்த தட்டையே தின்றிருந்தால் சீம்பாலில் எங்கிருந்து வரும்? மாமியார் ஒடித்துப் போட்ட முருங்கைத் தழை எனக்கு நினைவுக்கு வந்தது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. வைட்டமின் ஈயை 1922-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். செலினியத்தை வெகுகாலம் விஷம் என்று மட்டும்தான் நினைத்தார்கள். 1957-ல் கிளவுஸ் ஷ்வார்ஸ் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து, அது உடம்புக்கு வேண்டிய சத்தும்கூட என்று காட்டினார். மறுவருடமே அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், குட்டிகளுக்கு இந்த நோயைக் கொடுத்துக்கொண்டிருந்த காய்ந்த குதிரைமசால் தீவனத்தைத் தின்ற தாய் ஆடுகளுக்கு மிக மிகச் சிறிய அளவில் செலினியம் சேர்த்துக் கொடுத்தபோது, குட்டிகளுக்கு நோய் வரவில்லை. தாய்க்குக் கொடுத்துத்தான் குட்டியைக் காப்பாற்றினார்கள். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட விஷயம் ஒரு கிராமத்துப் பட்டிக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மீதியிருந்த குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவர் வந்து எடை பார்த்து வைட்டமின் ஈ-செலினியம் ஊசி போட்டார். விறைப்பு ஆரம்பித்திருந்த இரண்டு குட்டிகள் சில நாளில் நடந்தன. கடையில் வாங்கிய பாட்டிலை அவரிடம் காட்டினேன். அதில் ஏயும் டியும்தான் அதிகம், ஈ கொஞ்சம், செலினியம் இல்லவே இல்லை. எது குறைந்ததோ அது அந்தப் பாட்டிலில் வேண்டிய அளவுக்கு இல்லை.

அதே கூட்டத்தில் வேறு இரண்டு குட்டிகளுக்கு இரண்டு மாதம் கழித்து முன்னங்கால் மூட்டு பருத்து, கால் வளைந்தது. நான் அதே நோய் என்று நினைத்தேன். இல்லை, இது எலும்பின் கோளாறு. எலும்பு நீளும் நுனியில் முதலில் குருத்தெலும்பு வளர்ந்து, பிறகு கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து கெட்டியாக வேண்டும். அது கெட்டியாகாமல் மெத்தென்று இருக்கும்போது குட்டியின் எடை அழுத்தினால் கால் வளைகிறது. கால்சியத்தைக் குடலிலிருந்து உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலில் தானே தயாரித்துக்கொள்கிறது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? மேய்ச்சல் ஆட்டுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் குட்டிகளோ பிறந்தது முதல் ஷீட்டுக்குக் கீழே, நிழல் வலைக்கு உள்ளே. அதோடு தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு இருக்க வேண்டுமாம். எங்கள் தொட்டியில் அது தலைகீழாக இருந்தது. கிடாக்குட்டிகளுக்கு நீர்த்தாரையில் கல் அடைப்பதற்கும் இதே தவிடுதான் பெரிய காரணம் என்றார் மருத்துவர்.

மேய்ச்சல் ஆடுகளில் கதை வேறாக இருக்கலாம். வெயில் தாராளமாக இருந்தாலும் கோடையில் காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் குறைந்துவிடும். காட்டில் கிடக்கும் பழைய எலும்பை ஆடு கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தக் குறைதான். அங்கே கால்சியம் டானிக் ஊற்றிப் பிரயோசனம் இல்லை. அதே மாதிரி, மூட்டு வீங்கிய குட்டிக்கெல்லாம் சத்துக் குறைவு என்றும் நினைக்கக் கூடாது. பிறந்த அன்று தொப்புள் கொடியில் அயோடின் தடவாமல் விட்டால் அது வழியாகக் கிருமி போய் மூட்டில் தங்கும். அதைத் தொட்டால் சூடாக இருக்கும், காய்ச்சலும் இருக்கும். எங்கள் அக்கம்பக்கத்தில் அந்த மாதிரிக் குட்டிகளுக்கும் டானிக்கைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த டானிக் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சத்து மருந்துதானே, கூடக் கொடுத்தால் கெடுதல் என்ன என்று கேட்கிறார்கள். ஏயும் டியும் கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குபவை. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்திலும் இதயத்திலும் ரத்தக் குழாயிலும் படியும். ஏ மிஞ்சினால் எந்த எலும்பு வளர வேண்டும் என்று கொடுத்தோமோ அந்த எலும்பையே கெடுக்கும். செலினியத்தில் தேவைக்கும் விஷத்துக்கும் இடைவெளி இன்னும் குறுகல். நம் நாட்டிலேயே பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் மண்ணில் செலினியம் அதிகமாகி, அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற கால்நடைகளுக்கு விஷமாகியிருக்கிறது. ஒரு ஊரில் மருந்தாக இருப்பது இன்னொரு ஊரில் மண்ணிலேயே அதிகமாக இருக்கிறது. எந்த மண், எந்தத் தீவனம் என்று பார்க்காமல் ஊற்றுவதற்கு இது தண்ணீர் இல்லை.

மாட்டுக்கு விற்கும் தாது உப்பை ஆட்டுக்குக் கொடுப்பதும் அப்படித்தான். மாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. அது ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் கொட்டகையில் மாதக்கணக்கில் மாட்டு உப்பு கொடுத்திருந்தார்கள். நல்ல வளர்ந்த ஆடு ஒன்று கண்ணெல்லாம் மஞ்சளாகி, கருஞ்சிவப்பாக மூத்திரம் பெய்து, இரண்டு நாளில் செத்தது. அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கருத்துக் கிடந்தது. செம்மறியில் தாமிர விஷத்துக்கு இது அடையாளம் என்றார் மருத்துவர். வளரட்டும் என்று ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய உப்பு அது.

இப்போது எங்கள் பட்டியில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான். அந்த ஆறு வாரமும் சினை ஆடுகள் காலையில் மூன்று மணி நேரம் கொறங்காட்டில் மேய்கின்றன. ரெண்டரை ஏக்கரில் ஒரு ஏக்கரை அதற்காகவே விட்டுவைத்திருக்கிறோம். கிணற்று மேட்டில் வேலிமசாலும் அகத்தியும் போட்டிருக்கிறோம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதற்குப் போகிறது, கோடையிலும் பச்சை இருக்கிறது. தட்டைப் பழையதாக்காமல் அந்தந்த வருடமே தீர்க்கிறோம். பிறந்த குட்டி முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று நான் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு கிலோ எடைக்கு 50 மில்லி என்ற கணக்கில் முதல் தடவை வயிறு நிறைய வேண்டும். குடிக்காத குட்டிக்குக் கறந்து ஊட்டுகிறேன். பரணுக்குப் பக்கத்தில் கூரையில்லாமல் ஒரு முற்றம் வேலி கட்டியிருக்கிறோம். ஒரு வாரக் குட்டியிலிருந்து எல்லாம் ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணி வரை அங்கே வெயிலில். தவிட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். சென்ற வருடம் தாய்களுக்கு மட்டும் ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டார். அதன் பிறகு விறைப்பிலோ கால் வளைந்தோ ஒரு குட்டிகூடப் போகவில்லை.

குட்டிகள் முன்பைவிடப் பெரிதாக வளர்கின்றனவா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எங்களுடையது மேச்சேரி இனச் செம்மறி. மேச்சேரிக் குட்டி அதன் அளவுக்குத்தான் வளரும். வைட்டமின் என்பது இருக்கிற குறையைத் தீர்க்கும். குறையே இல்லாத குட்டிக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ஒரு கிலோ கூடாது. கறி ஏறுவது பாலால், தீவனத்தால், குடலில் புழு இல்லாததால். இதைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் வருடா வருடம் பாட்டிலுக்குச் செலவழிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 லட்சம் செம்மறிகள் இருந்தன. பெரும்பாலும் என்னைப் போல் இருபது முப்பது ஆடு வைத்திருப்பவர்கள்தான் வளர்க்கிறார்கள். அதனால் உங்கள் வழியாகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். கால்நடைச் சத்து மருந்து, தாது உப்பு எதுவானாலும் செம்மறிக்கும் குட்டிக்கும் எடைவாரியாக அளவைத் தமிழில் அச்சிட வேண்டும். செம்மறிக்கு ஆகாது என்றால் அதையும் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் மண்ணிலும் தீவனத்திலும் செலினியம், பாஸ்பரஸ், தாமிரம் எவ்வளவு என்று பரிசோதித்து ஊராட்சியில் எழுதி ஒட்ட வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியில் வைட்டமின் ஈ-செலினியம் ஊசி எப்போதும் இருக்க வேண்டும், ஏனென்றால் விறைப்பு கண்ட குட்டிக்கு அதிக அவகாசம் கிடைப்பதில்லை. பரண் கொட்டகைக்குக் கடனோ மானியமோ தரும்போது வரைபடத்தில் கூரையில்லாத முற்றமும் கால் ஏக்கர் பசுந்தீவனமும் இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும். நீங்களும் அடுத்த முறை பரண் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் மார்கழிக்குள் போடுங்கள். எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனியில் ஈனும் ஆடுகள் அதிகம். அவற்றுக்குக் கடைசி ஆறு வாரம் தையில் ஆரம்பித்துவிடும். எங்கள் பட்டியில் மட்டும் இப்போது 19 ஆடுகள் சினையாக இருக்கின்றன.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் ஒரு வாசகி,
வெள்ளகோவில் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.